மஞ்சத் தோட்டமும் ஒரு பாட்டு வீடியோவும்



ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மஞ்சள் வெட்டு, வேக வைப்பு, காய வைப்பு என்று நாள் ஓடிவிட்டது. இன்னைக்கு மஞ்சள் விலையைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. பாட்டு வீடியோக்களைப் பற்றி எழுதப் போகிறேன். 'உனக்கு எதுக்குய்யா இந்த வேலை' என்று கேட்பீர்கள். காரணம் இருக்குதுங்க. எங்கள் தோட்டமும் ஒரு பாட்டு வீடியோவில் வந்துவிட்டது.

கோபிப் பக்கம் ஷூட்டிங் என்பது புதுசு இல்லை. கொடிவேரி அணை, தடப்பள்ளி வாய்க்கால், தென்னந்தோப்பு எல்லாம் நீங்கள் எத்தனையோ சினிமாவில் பார்த்தவைதான். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷூட்டிங் வண்டி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடுவோம். இப்போது சினிமாக்காரர்கள் மட்டும் வருவதில்லை. நாலு பையன்கள், ஒரு கேமரா, ஒரு ட்ரோன் என்று வாடகைக் காரில் வந்து இறங்குகிறார்கள். கேட்டால் 'இண்டிபெண்டன்ட் மியூசிக்' என்கிறார்கள். படம் கிடையாது, பாட்டு மட்டும்தான். அதற்கு ஒரு வீடியோ.

போன ஐப்பசியில் அப்படி ஒரு குழு வந்தது. மகனோடு காலேஜில் படித்த பையன் ஒருவன் அதில் இருந்தான். நல்ல பிள்ளைகள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பாட்டு மண்ணைப் பற்றியது, உழைப்பைப் பற்றியது என்றார்கள். மஞ்சள் இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நின்றது. பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துப் போனது. சரி எடுத்துக்கோங்க என்றேன். காசு எதுவும் கேட்கவில்லை.

முதலில் சொட்டுநீர்க் குழாயை மறைக்கச் சொன்னார்கள். அப்புறம் வரப்பில் நின்ற என் பைக்கைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். யூரியா சாக்கு, மோட்டார் ரூமில் இருந்த கட்சிக் கலர், தண்ணி கேன் எல்லாம் போயிற்று. கடைசியில் களை வெட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்களிடம் போனார்கள். எங்கள் பக்கம் களை வெட்ட வரும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். மஞ்சள் தோகை கையை அறுக்கும், வெயில் தோலை உரிக்கும். புருசன் சட்டையோ மகன் சட்டையோ, பழசு ஒன்று இருந்தால் போதும். 'அக்கா, அந்தச் சட்டையைக் கழட்டிருங்க, வில்லேஜ் லுக் வரமாட்டேங்குது' என்றான் இயக்குநர் பையன்.

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். ரெண்டு பேர் கழட்டினார்கள், மற்றவர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கு அந்த ஒரு இடம்தான் மனசில் நிற்கிறது. கிராமத்தில் உண்மையில் இருப்பது எல்லாம் கிராமம் மாதிரி இல்லை என்று ஒரு கேமரா முடிவு பண்ணிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மூத்த அம்மா ஒருவர், பேச்சு வாக்கில் ஒரு பாட்டை எடுத்து இழுத்தார். எழவு வீட்டில் அவர் குரல் கேட்டால் கல்லும் கரையும், அப்படிப்பட்ட குரல். பையன்கள் ஓடிப்போய் மைக்கை நீட்டினார்கள். அவரும் கூச்சப்படாமல் பாடினார். ஐந்நூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். சாயங்காலம் வண்டி கிளம்பிவிட்டது.

தை மாசம் வீடியோ வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அருமையாக எடுத்திருந்தார்கள். என் தோட்டத்தை நானே ட்ரோனில் இருந்து அப்போதுதான் பார்த்தேன். முதல் பத்து பன்னிரண்டு விநாடி அந்த அம்மாவின் குரல் மட்டும் வருகிறது. ஆனால் திரையில் அவர் இல்லை. சென்னையில் இருந்து வந்த பாடகர் மஞ்சளுக்கு நடுவே முதுகைக் காட்டி நிற்கிறார், மெல்லத் திரும்புகிறார், தாளம் விழுகிறது. பார்க்கிறவர்களுக்கு அந்தக் குரலே அவருக்குள் இருந்து வந்தது மாதிரி இருக்கும். கீழே விவரப் பகுதியில் எல்லோர் பெயரும் இருக்கிறது. கேமரா, எடிட்டிங், கலர், ட்ரோன். 'சிறப்பு நன்றி' என்று போட்டு என் பெயரும் இருக்கிறது. அந்த அம்மா பெயர் இல்லை.

சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்குப் போன் போட்டு 'பேரு வந்திருக்குதே மாப்ளே' என்றார்கள். ரெண்டு நாள் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பாட்டு யாருடையது என்பதை நம் காது முடிவு பண்ணுவதில்லை, கண்தான் முடிவு பண்ணுகிறது. இது இன்னைக்கு வந்த வியாதி இல்லை. 1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தில் எம்.ஜி.ஆர். மாடிப்படியில் சாட்டையோடு பாடும் பாட்டு ஒன்று உண்டு. எங்கள் அப்பாரு காலத்தில் அதற்கு ஊரில் பெயர் 'சாட்டப் பாட்டு'. எழுதியவர் வாலி, பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. ஆனால் யாரைக் கேட்டாலும் 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்பார்கள். காரணம் அந்தச் சாட்டை. நம்பியாரை அடிக்கும் அந்தக் காட்சியும் பாட்டும் ஒட்டிக்கொண்டன. ரெண்டும் சேர்ந்து எம்.ஜி.ஆர். என்கிற ஆளின் மேல் ஒட்டிக்கொண்டன. ஏழைக்காக அதிகாரத்தைக் கையில் எடுப்பவர் என்ற உருவம் வந்துவிட்டது. அந்த உருவத்துக்கு ஓட்டே விழுந்தது. டி.எம்.எஸ். தொண்டையில் பிறந்த கம்பீரம் அது என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

ரேடியோவுக்கு இந்த விஷயத்தில் ஒரு நியாயம் இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட பாடகர்கள் பெயர் அத்துப்படி. ரேடியோவில் காட்டுவதற்கு முகம் இல்லை, அதனால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வீடியோவில் முகம் இருக்கிறது. பெயர் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். 1981 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியது. அதில் போட்ட முதல் பாட்டே, வீடியோ வந்து ரேடியோ நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது என்று சொல்லும் பாட்டு. அப்புறம் 1983 கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வந்தது. ஜான் லாண்டிஸ் என்ற சினிமா இயக்குநரை வைத்து பதினாலு நிமிசத்துக்கு எடுத்தார்கள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாதவனுக்கும் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டும் பிணங்களின் ஆட்டமும் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் நோம்பியில் பையன்கள் ஆடும் ஆட்டத்தில்கூட அதில் ஒரு துளி இருக்கிறது. பாட்டை விற்க வந்த படம், ஆளையே விற்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான் என்பேன்.

நம் ஊரில் சினிமாவுக்கு வெளியே பாட்டு வளர ஆரம்பித்ததும் ஒரு நல்லது நடந்தது. எழுதிப் பாடுகிறவனே திரையில் நின்றான், வாயசைக்க நடிகன் தேவையில்லை. 2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' சினிமாப் பாட்டுதான் என்றாலும், அந்த வீடியோவில் செட்டும் கிடையாது, டான்ஸும் கிடையாது. ரெக்கார்டிங் ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனுஷ் பாடுகிறார், பக்கத்தில் அனிருத். பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதையே காட்சி ஆக்கினார்கள். நம்மில் ஒருத்தன் சும்மா பாடுகிறான் என்ற உருவம் அதில் வந்தது.

காட்சியால் பாட்டுக்கு அர்த்தம் கூடுவதும் உண்டு. 2017-ல் வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பார்த்திருப்பீர்கள். டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு முன்னால் நின்று கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழைப் பாடுகிறார். இதே பாட்டை சபாவில் ஜிப்பா போட்டு உட்கார்ந்து பாடியிருந்தால் பாதி அர்த்தம் போயிருக்கும். புறம்போக்கு என்ற வார்த்தை எங்களுக்குத் திட்டும் வார்த்தை இல்லை. ஆடு மாடு மேய்கிற இடம், எல்லோருக்கும் பொதுவான இடம். அந்த இடத்திலேயே நின்று பாடினதால்தான் அது எனக்கு உறைத்தது. அதை எழுதியவர் கபேர் வாசுகி. ஆனால் யாரிடம் கேட்டாலும் அது 'டி.எம்.கிருஷ்ணா பாட்டு'தான். பாருங்கள், நல்ல நோக்கத்தோடு எடுத்த வீடியோவிலும் அந்தக் கண் வேலை செய்கிறது.

இதெல்லாம் சொன்னது ஒரு பாட்டைப் பற்றிப் பேசத்தான். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, வீடியோ இயக்கியவர் அமித் கிருஷ்ணன். யூட்யூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் பையன் முதல் பால்வாடிக் குழந்தை வரை பாடினார்கள்.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கிழவி இருக்கிறார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, நிலம் ஒரு துண்டும் இல்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களில் ஒருவர். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்களுக்கு மேலே நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போனால் அப்படி வந்த குடும்பங்களை இன்னைக்கும் பார்க்கலாம். அந்தத் துக்கத்தைத்தான் அறிவு பாட்டாக்கினார்.

வீடியோவில் அதை வறுமைக் கோலமாகக் காட்டவில்லை. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடை, காடு, ஆட்டம் என்று ஒரு திருவிழாவாக எடுத்திருந்தார்கள். வள்ளியம்மாளும் அதில் வருகிறார். அழுகையும் கொண்டாட்டமும் சேர்ந்த பாட்டுக்கு அந்தக் காட்சி பொருத்தமாகவே இருந்தது. இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அப்புறம் வந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எழுதியவரை மறுபடியும் காணாமல் ஆக்கிவிட்டீர்களே என்று இயக்குநர் பா.ரஞ்சித் கேட்டார். அப்புறம்தான் அந்தப் பத்திரிகை அறிவை வைத்து இன்னொரு அட்டை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர் எல்லோரும் உட்கார்ந்திருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். கிடாக்குழி மாரியம்மாள் போன்ற நாட்டுப்புறப் பாடகிக்கு அந்த மேடை கிடைத்தது தனியாக நல்ல விஷயம். ஆனால் அறிவு அங்கே இல்லை. பாட்டை உருவாக்கியதும் எழுதியதும் பாடியதும் நான், ஒரு வார்த்தை, ஒரு மெட்டுகூட யாரும் தரவில்லை என்று அறிவு எழுதினார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால்தான் வர முடியவில்லை என்றும், மூவருக்கும் உரிமையும் பங்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அறிவின் பெயரை எங்கேயும் நான் மறைத்ததில்லை என்றார் தீ. இதில் யார் மெட்டு எவ்வளவு போட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டால் எங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்றும் சொன்னார். 40 கோடி தடவை பார்த்த பாட்டு! மஞ்சளுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிலம் இல்லாதவர்களைப் பற்றிய பாட்டில்கூட, படம் பிடிக்கிற நேரம் வந்தால் யார் நடுவில் நிற்பது என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பத்திரிகையும் மேடையும் தாமாக ஒரு பதில் வைத்திருக்கின்றன. வேணுமென்று செய்கிறார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்த பையன்கள் நல்லவர்கள் என்றேன் அல்லவா. நல்லவர்கள் கையிலும் கேமரா பழக்கமான முகத்தைத்தான் தேடிப் போகிறது.

இன்னொன்று. 'எஞ்சாமி' என்பது 'என் சாமி'. எங்கள் கொங்குப் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு ரெண்டு முகம். பேரப்பிள்ளையை ஆத்தா 'வா சாமி' என்று கூப்பிட்டால் அது கொஞ்சல். காலனியில் இருந்து வேலைக்கு வருகிறவர் தோட்டத்துக்காரனை 'சாமி' என்றால் அது வேறு. எங்கள் அப்பாருவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தலை நரைத்தவர்கள் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் 'அதெல்லாம் வேண்டாங்க' என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது என்று இருந்தேன். அந்தப் பாட்டை டவுனில் இருக்கும் நீங்கள் கேட்கும்போது வள்ளியம்மாள் பக்கம் உட்கார்ந்து கேட்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அந்த வார்த்தை என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை.

என் பெயர் மட்டும் வந்த அந்த வீடியோவுக்கு வருகிறேன். ஒரு வாரம் மனசு ஒப்பவில்லை. அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். 'தம்பி, முதல்ல வர்ற குரல் யாருதுன்னு போடலியே' என்றேன். 'அய்யோ அங்கிள், விட்டுப் போச்சு. இப்பவே போட்டுர்றேன். அவங்க பேரு என்னங்க?' என்றான்.

எனக்குத் தெரியவில்லை.

முப்பது வருசமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர். எங்கள் அம்மா செத்த அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பாடினவர். அவருடைய புருசன் பெயர் தெரியும், மகன் பெயர் தெரியும், பேரன் எந்தக் கம்பெனிக்குப் போகிறான் என்பதுகூடத் தெரியும். அவரை இன்னார் பொண்டாட்டி, இன்னான் அம்மா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அந்தப் பையன்களைக் குறை சொல்லத்தான் போன் போட்டேன், ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே பெயரை விட்டவன் நான்தான்.

மறுநாள் காலையில் வாய்க்கால் பாலத்தில் அவரைப் பார்த்துக் கேட்டேன். சிரித்தார். 'என்ற பேரு எதுக்குங் சாமி? ரேசன் கார்டுல இருக்குது, போய்ப் பாத்துக்கோங்க' என்றார். அப்புறம் சொன்னார். என் செல்லில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் குரல் வந்தது. கேட்டுவிட்டு 'நல்லாத்தான் இருக்குது. ஆனா நானு எங்கீங்க காணோம்?' என்றார். இவ்வளவு நேரம் நான் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

பையன் சொன்னபடி பெயரைச் சேர்த்துவிட்டான். ஆனால் விவரப் பகுதியில்தான். அதை விரித்து யார் படிக்கிறார்கள்? படம் மாறாது. முதுகைக் காட்டி நிற்கும் பாடகர் திரும்பும்போது அந்தக் குரல் அவருடையதாகத்தான் தெரியும். அதனால் பாட்டு வீடியோ எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விவசாயியாக நான் சொல்வது இதுதான். எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், தாராளமாக எடுங்கள். யார் குரல் கேட்கிறதோ அவர் முகத்தை அந்த நேரத்தில் காட்டுங்கள், பெயரை அங்கேயே திரையில் போடுங்கள். கூலியைப் பேசிக் கொடுங்கள், பிரியாணி கூலி ஆகாது. சட்டை போட்டிருந்தால் சட்டையோடு எடுங்கள். சொட்டுநீர்க் குழாயும் இருக்கட்டும், அது கடன் வாங்கிப் போட்டது.

நீங்கள் பார்க்கிறவர்கள். பாட்டு பிடித்திருந்தால் ஒரு நிமிசம் விவரப் பகுதியை விரித்து எழுதினவர் யார், பாடினவர் யார் என்று பாருங்கள். பெயர் இல்லாத குரல் இருந்தால் கீழே கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வீடியோவில் போடுவார்கள்.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன், 'நீங்க எழுதறதெல்லாம் எனக்கெதுக்குங், அந்தப் பாட்டுல போட்டாப் போதும்' என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் இப்போது காலையில் அவர் வந்தால் பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிடுகிறேன். அவர் இன்னும் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்.

வெயில் ஏறிவிட்டது. காயப் போட்ட மஞ்சளைப் புரட்டிவிட வேண்டும். வருகிறேனுங்க.